ஏறக்கட்டு

காலை ஏழேகாலுக்கு மலைப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கச்சிராயபாளையத்தில் எங்கள் கரும்புக்கு மகள் ட்ரோனில் மருந்து தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் திரையில் இருக்கும். வானத்தைப் பார்ப்பது என் வேலை. மேகத்துக்குக் கீழே ஹெலிகாப்டர் மிகத் தாழ்வாக, நேராக எங்களை நோக்கி வந்தது. எங்கள் ட்ரோனுக்குத் தானாக விலகத் தெரியாது.

“ஏறக்கட்டும்மா” என்று கத்தினேன். வேலையை நிறுத்து என்றுதான் சொன்னேன். எதிர் வரப்பில் நின்றவளுக்கு, இரைச்சலில், “ஏத்தும்மா” என்று கேட்டிருக்கிறது. ட்ரோன் மேலே ஏறியது.

ஹெலிகாப்டருக்குள் எத்தனை பேரோ. இனிக் கத்திப் பயனில்லை. தோள் துண்டை உருவித் தரையில் அடித்து அடித்துக் காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ட்ரோன் கரும்புக்குள் இறங்கவும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் கடக்கவும் சரியாக இருந்தது.

என் ஒரு சொல்லில் அத்தனை உயிரும் இருந்திருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏறக்கட்டுறது கடையத்தான்ப்பா. இத எறக்குன்னு சொல்லு.”