மஸாஹிரின் ஈயக் கண்கள்

மஸாஹிரைப் பற்றி எழுதுகிறவன் நானாக இருக்கக் கூடாது. அவனுடைய பிழைப்பில் மண் விழுந்ததற்குப் பாதிக் காரணம் நான். ஆனால் இந்த ஊரில் அவனை நினைத்துப் பார்க்க வேறு எவனும் இல்லை. எனக்கு முள்ளியவளையில் பழைய இரும்புக் கடை.

அவன் பக்கத்து நீராவிப்பிட்டிக்காரன். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் போராளி இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, கற்பிட்டியில் ஒரு விடுதியில் படகோட்டியாக இருந்து, முப்பத்தெட்டு வயதில் மனைவியோடு திரும்பி வந்தான். வாப்பாவின் காணி காடாகக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கிக் குடியிருந்தான். அங்கே அகதி, இங்கே வந்தான் வரத்தான். மீனவர் சங்கத்தில் பதியப் போனபோது இடமில்லை என்றார்கள். நாங்கள் செத்துக்கொண்டிருந்தபோது இவன் எங்கே இருந்தான் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவனைப் போகச் சொன்னது யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. அந்த வாய்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

ஏரம்பு ஒருவர்தான் அவனைத் தன் படகில் ஏற்றினார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கடலோரத்து உப்பேரியான நந்திக்கடலில் மீன்தொழில் செய்கிறவர், பேச்சுக் குறைவு. மஸாஹிருக்கு அந்தப் படகை விட்டால் வேறு படகு இல்லை. அந்த இடம் போனால் மூட்டை தூக்குகிற வேலைதான் என்று அவனுக்குத் தெரியும்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் பழகியது. இரையே இல்லாமல், தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் ஆட்டு மயிரையும் நூலால் கட்டிச் சின்ன மீன்போல ஆக்கி, அதை எறிந்து கொடுவா மீன் பிடிப்பான். இறகு கட்டுவதை இரண்டு நாளில் யாரும் பழகலாம், எந்தக் கண் வைப்பது என்று தெரிவதுதான் கஷ்டம் என்பான். கண் என்பது முள்ளின் தண்டுக்குக் குறுக்கே கட்டுகிற இரட்டைக் குண்டு. அதன் பாரத்தில்தான் முள் புரண்டு, நுனி மேலே பார்த்தபடி போகும். அடியில் கிடக்கிற சாதாளைப் பாசியில் கொளுவாது. கண்டல் மரங்களின் ஓரத்து முழங்கால் தண்ணீருக்குச் சாவிக்கொத்துச் சங்கிலியில் வெட்டிய இரண்டு மணி போதும். இடுப்பளவு தண்ணீருக்குப் பித்தளை. மாரி மழைக்குப் பிறகு வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்து தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது ஈயத்தைத் தவிர வேறெதுவும் அடிக்குப் போகாது. அதிலும் பாரம் கூடினால் கல்லாக விழும், கொடுவா திரும்பிப் போய்விடும். குறைந்தால் மீனின் தலைக்கு மேலால் ஓடிவிடும். ஒவ்வொரு கண்ணையும் வாளித் தண்ணீரில் போட்டு, அது இறங்குகிற வேகத்தைப் பார்த்துத்தான் கட்டுவான். இந்த விளையாட்டைப் பொறுக்க முடியாமல் அவன் மனைவி வாளியை ஒளித்துவைத்த நாட்களும் உண்டு.

போன மாரிக்கு முன்னர் ஈயம் தேடி என் கடைக்கு வந்தான். மூலையில் ஓர் உரப்பை நிறைய ஈயக் கட்டிகள் கிடந்தன. கஷ்டப்படுகிறவன்தானே என்று இரண்டு கட்டியைச் சும்மாவே கொடுத்தேன். அது எதிலிருந்து வந்த ஈயம் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் மணலை அரித்து, கடைசி யுத்தத்தில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுச் சன்னம் பொறுக்கி விற்கிற சனம் பதினைந்து வருடமாக எங்கள் கடைகளுக்கு வருகிறது. மேல் உறையைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக்குவது எங்கள் தொழில். இதைச் சொல்லித் தெரிய வேண்டியவர் இங்கே யாரும் இல்லை. அந்த நாட்களில் புத்தளத்தில் இருந்த ஒருவனுக்கு அது தெரிந்திருக்காது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

செங்கல்லில் குழி குடைந்து, ஈயத்தை வார்த்துக் கண் செய்தான். மார்கழிக் கடைசியில் முகத்துவாரம் திறந்ததும் இருவரும் போனார்கள். அந்தக் கிழமை கொடுவா அள்ளிக் கொடுத்தது. ஏரம்பு சிரித்து நான் பார்த்ததும் அந்தக் கிழமைதான். தானும் எறியப் பழகி, தனக்கென்று ஒரு தகரப் பெட்டிக்குள் பன்னிரண்டு இறகுத் தூண்டில் கட்டுவித்து வைத்துக்கொண்டார். சங்கத்தில் மஸாஹிருக்காகத் தானே கதைப்பதாகவும் சொல்லியிருந்தார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு காலை ஏரம்பு பழைய நங்கூரம் ஒன்று பார்க்க வந்தார். தம்பியின் ஈயம் அருமையாக இறங்குகிறது, எங்கே எடுக்கிறான் என்று கேட்டார். என்னிடம்தான், எங்கள் வட்டுவாகல் கரையில் கிண்டிய சன்னம்தான் என்று பெரிய பெருமையோடு சொன்னேன்.

"கரையில எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், பாலத்துக்கு இந்தப் பக்கத்தில்தான் அவருடைய ஒரே மகள் சுரேகா பதினைந்து வயதில் சூடுபட்டு விழுந்தாள். அவரும் மனைவி நாகேஸ்வரியும் மணலைக் கையால் கிண்டி, அவளை மூடிவிட்டுப் போனார்கள். யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்து தேடியபோது இடம் பிடிபடவில்லை. ஏரம்பு நங்கூரத்தைத் தொடாமலே எழும்பிப் போனார்.

மறுநாள் மஸாஹிரை இனிப் படகுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. மஸாஹிர் என்னிடம் வந்தான். தான் ஏதும் வாய் தவறிச் சொன்னானா, மீன் பங்கில் பிழை விட்டானா என்று தன்னையே குடைந்துகொண்டு நின்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடை வாசலில் குந்திவிட்டான்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அண்ணை," என்றான். "அந்தப் பிள்ளையில பட்டதையோ நான் அவரின்ர கையில குடுத்தனான்?"

எது யாரில் பட்டது என்று யாருக்குத் தெரியும் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் கட்டிவைத்திருந்த தூண்டில்களையெல்லாம் வெட்டி ஈயக் கண்களைக் கழற்றினான். இதை விற்கவும் கூடாது, எறியவும் கூடாது, மண்ணில் அடக்க வேண்டும் என்றான். ஏரம்புவிடம் இருப்பதையும் வாங்கிக்கொண்டு, இனிமேல் பித்தளை மட்டும் கட்டுகிறேன், என்னைத் திரும்பப் படகில் ஏற்றுங்கள் என்று கேட்பதுதான் அவன் எண்ணம். தனியே போகத் துணிவில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஏரம்பு முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உம்மில பிழையில்லைத் தம்பி," என்று மட்டும் சொன்னார்.

நாகேஸ்வரி உள்ளேயிருந்து தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மஸாஹிர் திறந்து பார்த்தான். பதினொன்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக அடக்க வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. மற்றது எங்கே என்று மெல்லக் கேட்டான்.

நாகேஸ்வரி பொத்தியிருந்த இடக்கையை விரித்தார். இறகும் நூலும் உரித்த ஈயக் கண் ஒன்று உள்ளங்கையில் இருந்தது.

"இது என்னட்ட இருக்கட்டும் தம்பி," என்றார். "பிள்ளையின்ர எண்டு எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை."

மஸாஹிர் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினான். படகைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்கடுத்த கிழமையிலிருந்து அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போய்வருகிறான்.