சிவப்புப் பூசிய செம்பனைகள்

எங்கள் பெரியம்மாவின் மூத்த மகள் ரோசரியைக் கட்டியவர் ஹியூபர்ட். மலாயாவில் குவாலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவருக்குத் தனி வேலை. தடித்த ஓட்டுப் பழம், மெல்லிய ஓட்டுப் பழம் என்று இரண்டு சாதி மரங்களைக் காட்டோரம் பக்கம் பக்கமாக நட்டிருந்தார்கள். எதில் எண்ணெய் அதிகம், எதை நட்டால் தோட்டத்துக்கு லாபம் என்று பார்க்கத்தான். குலைகள் கலந்துவிடக் கூடாதே என்று மெல்லோட்டு மரங்களின் மட்டையடியில் மட்டும் ஹியூபர்ட் சிவப்புச் சாயம் பூசினார்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி. ரோந்து வந்த போலீஸ் சார்ஜன் சிவப்பைப் பார்த்ததும், காட்டுக்காரர்களுக்கு வைத்த அடையாளம் என்று ஹியூபர்ட்டை மண்டியிட வைத்தார். கொண்டுபோனால் விசாரணையே இல்லாமல் உள்ளே போடுவார்கள். உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ரோசரி, பிள்ளைத்தாய்ச்சி, சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சன்னாசியண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

சார்ஜனோடு வந்த ஸ்பெசல் போலீஸ் சன்னாசி எங்கள் லயத்து ஆள். முன்பு குலை வெட்டியவர். கூலி எடைக்கு, மெல்லோட்டுக் குலையோ எடை குறைவு. அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை.

"என் கூலியத் தின்ன மரம், இப்ப உன்னையே திங்கப் பாக்குது ஹியூபட்டு."

"கேலிய அப்புறம் வச்சுக்க லா. சிவப்பு மரத்துப் பழத்த வெட்டிக் காட்டு. எல்லாம் மெல்லோடுதான்."

சன்னாசி அதை மலாயில் சொன்னார். மூன்று மரத்துப் பழம் வெட்டு, மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் விடுகிறேன் என்றார் சார்ஜன். அவர் துப்பாக்கி காட்டுப் பக்கமே நீட்டியிருந்தது. கண்ணும் பாதி நேரம் அங்கேதான்.

சன்னாசி வெட்டிய முதல் பழம் மெல்லோடு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கத்தி நறநறவென்று நின்றது. தடித்த ஓடு.

கன்று வந்த வரிசையைப் பார்த்துப் பூசிய ஹியூபர்ட், காய்த்த பிறகு ஒவ்வொரு மரமாக வெட்டிப் பார்க்கவில்லை.

சார்ஜன் திரும்பினார். சன்னாசியின் இடக்கையில் இரண்டாவது பழத்தின் பாதி இன்னும் இருந்தது. மூன்றாவதைச் சேற்றில் போட்டுப் பூட்சால் அமுக்கிவிட்டு, இடக்கையை நீட்டினார்.

"சாமா, சார்ஜன்." ஒரே மாதிரிதான்.

சார்ஜன் பழத்தைப் பார்த்தார். சன்னாசி முகத்தைப் பார்த்தார். காட்டுக்குள் ஏதோ கிளை முறிந்த சத்தம். "ஜாலான்!" நட என்று சொல்லி நடையைக் கட்டினார்.

பின்னால் போன சன்னாசி குனிந்து, பூட்ஸ் கயிற்றை இறுக்குவதுபோல முணுமுணுத்தார்:

"சிவப்பச் சுரண்டுடா. எடை நிக்கிற அந்த ஒரு மரமாச்சும் கூலிக்காரன் பக்கம் நிக்கட்டும்."

ஹியூபர்ட் சுரண்டினார். கத்தி இரண்டு முறை நழுவியது. ரோசரி வாங்கி மிச்சத்தைச் சுரண்டினாள்.