பெட்டியக்கா கேட்ட கூலி

பெட்டியக்காவுக்குக் கடவுள் பொறுமையை இரண்டு பங்கு கொடுத்தார் என்று தெருவில் சொல்வார்கள். அது பாதி உண்மை. பொறுமை இரண்டு பங்கு என்றால் வன்மம் மூன்று பங்கு. அதைச் சாமியிடம்கூட அவள் மறைத்ததில்லை.

பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காஜா எடுப்பாள், பொத்தான் தைப்பாள். மாலையில் ஆர்மோனியம். பக்திப் பாட்டுப் பாடுகிற பாடகி ஒருத்திக்கு இருபத்திரண்டு வருஷம் அவள்தான் பெட்டி வாசித்தாள். அதனால்தான் பெட்டியக்கா. பாடகி அவளுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி.

கடைசி வருஷத்தில் பாடகிக்கு ஓர் ஆசை வந்தது. அதே பக்திப் பாட்டுகளைக் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வைத்துப் பாடி ஓர் ஆல்பம் போட வேண்டும். "சாமி எத்தனை நாளைக்குத்தான்க்கா உன் பெட்டியையே கேட்டுக்கிட்டு இருப்பாரு? அவருக்கும் ஒரு மாறுதல் வேணாமா?" என்று சிரிப்பாள். பெட்டியக்கா வீட்டு முன்னறையில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே மைக்கை வைத்து, எட்டுப் பாட்டை ஒத்திகையாகப் பாடிப் பதிந்தார்கள். ஒன்பதாவதைத் தொடங்குமுன் பாடகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

பாடகியின் கச்சேரி விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவன் அவள் தம்பி. அவனுக்கு இந்த ஆல்பமே பிடிக்கவில்லை. "கிட்டாரா? பக்தி சந்தி சிரிச்சிடும்," என்றான். ஆஸ்பத்திரி வாசலில் அவனே காவல் நின்றான்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ள. உங்க வீட்ல தொண்டை கிழியப் பாடிப் பாடித்தான் அவளுக்கு இந்த நிலைமை."

பதினோரு நாள் போனாள். பதினோரு நாளும் படிக்கட்டோடு திரும்பினாள். பன்னிரண்டாம் நாள் பாடகி போய்விட்டாள்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் பிள்ளைக்குச் சீருடை தைக்கக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாக விஷயம் வெளியே வந்தது.

"நீங்கதான் அந்த அக்காவா? தினம் கேட்பாங்கம்மா, 'அக்கா வந்தாளா'ன்னு. அந்தத் தம்பி, 'வரலை, உன்னை மறந்துட்டா'ன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு."

உடைந்த ஊசி சதைக்குள் போன மாதிரி அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தம்பி அதோடு விடவில்லை. டிவியிலும், "கூடவே இருந்தவங்க கடைசியில எட்டிக்கூடப் பார்க்கலை," என்று கண்ணைத் துடைத்தான். ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் பொத்தான் தைத்தாள்.

ஒரு வருஷம் கழிந்தது. பக்தி சந்தி சிரித்துவிடும் என்றவனே, பாடகி வைத்திருந்த ஒத்திகைப் பதிவை எடுத்துக்கொண்டு ஆல்பத்தை வெளியிடக் கிளம்பினான். கிட்டார் வாசிக்கிறவர் ஒருவர் புது இசை போட்டார். ஆனால் குரலைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஒரே மைக் அல்லவா, குரலுக்கு அடியில் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் வெட்டி ஒட்டினால் பெட்டிச் சத்தம் பொட்டென்று அறுந்தது. வேறு மூன்று ஆர்மோனியம் கொண்டுவந்து வாசித்துப் பார்த்தார்கள். பழைய சட்டையில் புதுத் துணியால் ஒட்டுப் போட்டது போல இருந்தது.

கடைசியில் தம்பி தையல் கடைக்கு வந்தான்.

"அக்கா, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"பழசை வேற எங்க வைக்கிறது தம்பி? பீரோ சின்னது."

"எங்க அக்காவோட கடைசி ஆசை இது."

"தெரியும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பெட்டியைத் தூக்கிட்டு வரேன். கூலி மட்டும் அங்க வந்து கேட்கிறேன்."

பதிவு அறையில் பெட்டியக்கா சாமி கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. சவுண்ட்காரரைப் பார்த்து, "ஐயா, என் தங்கச்சி குரலை ஸ்பீக்கர்ல போடுங்க. இந்தத் தம்பி முன்னாடி ஒரு மைக் வைங்க," என்றாள்.

குரல் அறை முழுக்க நிறைந்தது. கிட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அவ கேட்டுக்கிட்டே இருக்கா. நான் வந்தேனா இல்லையான்னு அவகிட்ட சொல்லு."

"அக்கா, என்ன இது, இத்தனை பேர் முன்னாடி..."

"டிவியில இதைவிட நிறையப் பேரு இருந்தாங்க."

அவன் இருமினான். தண்ணீர் கேட்டான். பிறகு, "ஏதோ ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றான்.

"அதுவா நடக்கிறதுக்குக் கால் இருக்கா? யாரு பண்ணினது?"

"நான்தான் உள்ள விடலை."

"எத்தனை நாள்?"

"பத்து நாள் இருக்கும்."

"பதினொன்னு. முதல்ல இருந்து, அவளைப் பார்த்துச் சொல்லு."

அவன் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, அவங்க பதினோரு நாளும் வந்தாங்க. நான்தான் விடலை. வரலைன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்." முடிக்கும்போது குரல் உடைந்தது. பெட்டியக்கா அவன் முகத்தைக் கடைசிச் சொல் வரை கண் எடுக்காமல் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்து துருத்தியை அசைத்தாள். அறுந்த இடங்களையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்து இணைத்தாள். இரண்டு இடத்தில் தங்கச்சி மூச்சு வாங்குவது கேட்டது. அங்கே மட்டும் விரல் தடுமாறியது.

போகும்போது தம்பி சவுண்ட்காரரிடம், "நான் பேசினதை அழிச்சிடுங்க," என்றான்.

"வேணாம். அது எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் பெட்டியக்கா. "எந்த டிவியில நான் வரலைன்னு சொன்னியோ, அதே டிவியில நீயே போய்ச் சொல்லு. நீ போகலைன்னா இது போகும்."

ஆல்பம் வெளியான வாரம் அவன் டிவியில் வந்தான். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டுக்காரி, "பாவம்க்கா, அழுறாரே," என்றாள்.

"அழட்டும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

மன்னிக்கிற மனசைக் கொடு என்று அவள் ஒரு வருஷமாகச் சாமியிடம் கேட்டிருந்தாள். அது வரவில்லை. அன்றைக்கு வந்தது பசிதான். தங்கச்சி போன நாளிலிருந்து காணாமல் போயிருந்த பசி. உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.