மிச்சம் பிடித்த ஓர் அழுத்தல்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதை அடிக்க எத்தனை தடவை விரலால் அழுத்த வேண்டும் என்று எண்ணுவேன். பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டேன். முதலியார்பேட்டையில் ஒரு மாடியில் எட்டுப் பேர் வேலை பார்த்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. புதிதாக வரவிருந்த ஒரு செல்போனில் தமிழ் அடிப்பதற்கு வழி செய்து தரச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். இருப்பது பன்னிரண்டு பட்டன். தமிழில் இருக்கிற எழுத்துகளை எல்லாம் அதற்குள் அடைப்பது தீபாவளிக் கூட்டத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரியான வேலை.

ஒரு பட்டனில் மூன்று எழுத்து வைத்தால் மூன்றாவதற்கு மூன்று முறை அழுத்த வேண்டும். அதனால் அடிக்கடி வருகிற எழுத்தை முன்னால் தள்ளினேன். அது போதாமல், முதல் ஓரிரு எழுத்து அடித்ததும் முழுச் சொல்லையும் போனே எடுத்துக் கொடுக்கும்படி செய்தேன். சொற்களைச் செய்தித்தாள்களிலிருந்து திரட்டியிருந்தேன். அதனால் 'மு' என்று அடித்தால் முதலமைச்சர் வந்து நிற்பார். முட்டை வாங்கி வரச் சொல்ல நினைப்பவர் என்ன செய்வார் என்று ஆபீசில் கேலி செய்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடிக்கிறவர் எதை அதிகம் அடிக்கிறாரோ அதைப் போன் பழகிக்கொள்ளும்படி இரண்டு வாரத்தில் மாற்றிக் காட்டினேன்.

அப்போதும் எனக்கு ஆசை அடங்கவில்லை. சொல்லை ஏற்றுக்கொள்ள ஒரு ஓகே, செய்தியை அனுப்ப இன்னொரு ஓகே என்று இருந்தது. ஒரே வாக்கியத்தை ஒருவர் பலமுறை அதே மாதிரி முடித்து அனுப்பியிருந்தால், அடுத்த தடவை கடைசிச் சொல்லை ஏற்கிற ஓகேயே செய்தியையும் அனுப்பிவிடட்டும் என்று வைத்தேன். ஓர் அழுத்தல் மிச்சம். அன்றைக்கு முழுக்க காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் எனக்கு என் அக்கா வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. குருசுக்குப்பம் பக்கம் அவர்கள் வீடு. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அவருக்குத் தெருமுனையில் கூப்பிட்டால் கடற்கரை வரைக்கும் கேட்கிற குரல். முந்தைய வருஷம் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சிலேட்டில் எழுதித்தான் பேச்சு.

சிலேட்டில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் இரண்டு சொல் எழுதுவதற்குள் அக்கா எதிரே நின்று தலைகீழாகப் படித்து மீதியைத் தானே சொல்லிவிடுவாள். 'காபி' என்று எழுதினால் "சக்கரை கம்மியா, தெரியும்" என்பாள். அவர் 'காபி வேண்டாம்' என்று எழுத வந்திருப்பார். மணிக்கட்டால் அழித்துவிட்டு, வந்த காபியைக் குடிப்பார். அக்கா கெட்டவள் இல்லை. அவருக்குக் கை வலிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மகன் இருவரையும் பிரான்ஸுக்கு நிரந்தரமாக வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே வேலை, வீடு, குழந்தைகள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா போக விரும்புகிறாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் இரண்டு மூன்று தடவை சிலேட்டை எடுத்து 'பிரான்ஸுக்கு' என்று எழுதியதை நானே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, அடுத்த மாசம் என்றோ, குளிருக்குத் துணி வாங்கியாயிற்று என்றோ பதில் சொன்னாள். நானும் அவர் தேதிதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதிரி போன் இரண்டு கொண்டுபோய் ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்த எழுத்து அந்த இரண்டு போனில்தான் தெரியும், மற்றதில் வெறும் கட்டம் கட்டமாக வரும். இஷ்டப்பட்டதை அடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் வாரம் அக்காதான் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடித்து அனுப்பித் தள்ளினாள். அவள் அடித்ததெல்லாம் ஒரே வாக்கியம்: நாம பிரான்ஸ் போறோம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களைக் கற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் நான் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"உங்க மாமாவே எழுதி அனுப்பிட்டாருடா. நாம பிரான்ஸ் போறோம்னு. இத்தன நாளு வாயத் தொறக்காத மனுஷன். பையனுக்கு ஒடனே போன் போட்டுச் சொன்னேன், அவன் டிக்கெட்டே போட்டுட்டான்."

என் போனில் ஒருவர் மனம் திறந்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் தரையில் தள்ளிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிலேட்டை எடுத்து, பல்பம் உடையும்படி எழுதினார்.

நான் எழுதல. ஒன் போன் எழுதிச்சு.

அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். மாமா போனை எடுத்து எனக்கு நடந்ததைச் செய்து காட்டினார். 'நாம பிரான்ஸ் போ' என்று அடித்தார். 'போக வேணாம்' என்று முடிக்க நினைத்திருக்கிறார். அதற்குள் 'போறோம்' என்று முன்னால் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு மேலே போக வேண்டும் என்று நினைத்து ஓகேயை அழுத்தியிருக்கிறார். போய்விட்டது. நான் மிச்சம் பிடித்த அந்த ஓர் அழுத்தல்.

எனக்குக் கூசியது. அக்கா வாயால் செய்துகொண்டிருந்ததை நான் கம்பெனிச் சம்பளத்தில் பட்டனுக்குள் செய்து வைத்திருந்தேன். போனை வாங்கி, சொல் எடுத்துக் கொடுக்கிற வேலையை அடியோடு நிறுத்தினேன். இனி எதை அடிக்கிறீர்களோ அதுதான் வரும், ஆனால் நேரம் ஆகும் மாமா, என்று சொன்னேன். அவர் போனை வாங்கிக்கொண்டு கூடத்து மூலைக்குப் போனார்.

அவர் அடித்தது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கட்டைவிரல் தடிமன் வேறு. தப்பாக விழுந்ததை அழித்து அழித்து அடித்தார். சிலேட்டு மாதிரி எட்டிப் பார்க்க முடியாமல் அக்கா இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். காபி போட்டாள், அதை யாருக்கும் கொடுக்காமல் ஆறவிட்டாள். கடைசியில் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் கூவியது. அவள் படித்து முடித்ததும் என்னிடம் நீட்டினாள்.

நான் பிரான்ஸ் வரல. நீ போய் பேரப்பிள்ளைங்கள பாத்துட்டு வா. அங்க இருக்கறவங்களுக்கு நான் ஊமை. இங்க இருக்கறவங்களுக்கு என் குரல் தெரியும்.

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது, மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் வீட்டுப் போனில் மகனைக் கூப்பிட்டாள். அவன் அங்கிருந்து என்னவோ நீளமாகக் கேட்டுக்கொண்டே போனான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. ஒங்கப்பா எழுதியிருக்காரு. படிக்கிறேன், முழுசாக் கேளு" என்றாள்.

செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், முதலிலிருந்து படித்தாள்.