வாசகசாலையில் ஒட்டிய இரண்டு பக்கங்கள்

வாசகசாலைக் குமாஸ்தா என்றால் புத்தகம் கொடுக்கிற உத்தியோகம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். கொடுக்காமலிருப்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என் அவஸ்தை புரியும்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரே அறை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே பட்டறை ஆட்களும் வேலை விட்டு வந்து உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதனால் சாயங்காலம் நான் உரக்கப் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருக்குழாய். தண்ணீர் நூலாகத்தான் வரும். குடம் நிறைகிற வரையில் பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஜாபிதா

உப்புக் காய்ச்சப் போனவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த சமயம். சர்க்கார் தடைசெய்த புத்தகங்களின் ஜாபிதா என்கிற பட்டியலோடு மாதம் ஒரு தடவை ஒரு போலீஸ் ஏட்டு வருவார். ஜாபிதா இங்கிலீஷில், புத்தகங்கள் தமிழில். இரண்டையும் ஒத்துப் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது, "இதுல கீறது உங்கிட்ட கீதா?" என்று என்னையே கேட்பார். நான் இல்லை என்பேன். இரண்டு இருந்தன, பழைய பஞ்சாங்கக் கட்டுக்கு அடியில்.

ஒரு நாள் அவர் ஒரு துப்பறியும் நாவலை எடுத்து, நின்றபடியே பாதி படித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இதுவும் ஜாபிதாவில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"பயப்படாதபா, இது ஜப்தி இல்ல. கொல பண்ணது யாருன்னு தெரியாம எனக்கு சோறு எறங்காது."

பசை

சர்க்காரையாவது சமாளிக்கலாம்; எங்கள் காரியதரிசியைச் சமாளிக்க முடியாது. ஓய்வுபெற்ற ஹெட் குமாஸ்தா. நல்ல மனிதர், அறைக்கு ஓடு போட்டதே அவர்தான். அப்போது, கர்ப்பிணிகளுக்காக ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தை நான் தினம் கொஞ்சமாகப் படித்து வந்தேன். ஆண்கள் முதலில் நெளிந்தார்கள். பிறகு அவரவர் வீட்டு நினைப்பில் காது கொடுத்தார்கள். குழாயடியில் குடம் வழிந்தும் யாரும் நகரவில்லை.

ஒரு நாள் நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது காரியதரிசி வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டி, கர்ப்பப்பையின் படத்தில் நின்றுவிட்டார். "நாலு பேர் வருகிற இடம்" என்றார். படமிருந்த பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிடச் சொன்னார். உரக்கப் படிப்பதையும் நிறுத்தச் சொன்னார். மாவுப் பசை காய்ச்சி என் கையாலேயே ஒட்டினேன். வேலை போய்விடுமே என்ற பயம்தான். சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு காரணம் கிடையாது.

மறுநாளிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆளுக்கு ஆள் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். மூட்டை தூக்கும் ஏழுமலை, அ, ஆ கூடத் தெரியாதவர், என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"வாத்யாரே, இந்த மாரி ஒட்டின பொஸ்தகம் வேற இன்னா கீது?"

மீதி வாக்கியம்

ஆரோக்கியமேரி குழாயடிக்கு வருகிற பெண். புருஷன் பட்டறையில் வேலை. முதல் குழந்தை பிறந்து தங்கவில்லை. இப்போது எட்டு மாதம். ஒரு நாள் காலையில் குடமில்லாமல் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "அண்ணாத்தே, காலு வீங்கி, தலநோவும் வந்து, கண்ணும் மங்கலாச்சுன்னான்னு படிச்சுகினு இருந்தியே, அப்பால இன்னா போட்டுகீது?" என்று கேட்டாள்.

அப்பால் என்னவென்று எனக்கும் தெரியாது. அந்த வாக்கியத்தின் மீதி நான் ஒட்டிய பக்கத்துக்குள் இருந்தது. அன்று பட்ட வெட்கத்தை நான் என்றும் பட்டதில்லை. ஈரத்துணியால் நனைத்து, ரூல்தடியால் நெம்பினேன். பக்கம் குறுக்கே கிழிந்தது, வாக்கியம் தப்பியது. 'ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் தாய்க்கும் சிசுவுக்கும் உயிருக்கு ஆபத்து.' தெருவுக்கே கேட்கும்படி படித்தேன். குழாயடிப் பெண்கள் ஜட்கா வண்டி பிடித்து அவளை ஏற்றினார்கள். ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொத்தத்தையும் அன்னிக்கே படிச்சிருந்தா நான் நேத்தே போயிருப்பேனே அண்ணாத்தே."

விளக்கம்

இரண்டு மாதம் கழித்துக் காரியதரிசி புத்தகங்களைச் சரிபார்க்க வந்தார். கிழிந்த பக்கத்தைக் கண்டதும், எழுத்து மூலம் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்றார். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி, தோளில் குழந்தையோடு உள்ளேயே வந்துவிட்டாள். எங்கள் வாசகசாலைக்குள் ஒரு பெண் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. காரியதரிசி எழுந்து நின்றுவிட்டார். அவள் கிழிசலைப் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், சிரிக்கவுமில்லை, கூசவுமில்லை.

"கிழிஞ்சத நானே ஒட்டிக் குடுக்கறேங்க ஐயா. இந்த தபா எழுத்து தெரியறா மாரி ஒட்டணும், அவ்ளோதான்."

காரியதரிசி சாவியை என் பக்கமே தள்ளிவிட்டுப் புறப்பட்டார். அதே நாற்காலியில் நான் இன்னும் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷமும் எந்தப் பக்கத்தை ஒட்டச் சொல்லி உத்தரவு வந்தாலும், ராயபுரத்துக் கடல்காற்றில் பசை காய மாட்டேனென்கிறது என்று பணிவோடு பதில் எழுதிப் போட்டுவிடுவேன்.