ஒற்றை ஷாக்கும் ஓரடுக்கு வாஷரும்

“ரெண்டு காலுக்கும் சேத்து ஒத்தச் செருப்ப மாட்டி யாராச்சும் நடப்பாகளா?”

ஆறு மாதத்துக்கு முன்னால் மெய்யம்மை என்னிடம் கேட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னாள்: “அம்புட்டு நம்பிக்கைன்னா நீயே ஏறி ஓட்டு!”

கோபித்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் காலேஜில் மாணவர்கள் சேர்ந்து ஃபார்முலா ரேஸ் கார் ஒன்று கட்டுகிறோம். சஸ்பென்ஷன் என் பொறுப்பு. தேவகோட்டை மெய்யம்மைதான் டிரைவர். சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர் என்பது வழக்கம். நானோ, முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் ஒன்றே போதும் என்றேன். எடை குறையும் - சில ரேஸ் கார்களில் ஏற்கெனவே செய்துபார்த்த டிசைன்தான்.

மேடு பள்ளத்தில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அந்த ஒரு ஷாக் அமுங்கும். சரி, வளைவில்? கார் ஒரு பக்கம் சாயும்போது, இரண்டு சக்கரத்தின் தண்டுகளும் வந்து சேரும் இரும்புத் துண்டு பக்கவாட்டில் நகரப் பார்க்கும். அதை இருபுறமும் தாங்குவது, குட்டித் தட்டு போலக் குழிந்த எஃகு வாஷர்களின் அடுக்கு. அந்த அடுக்கு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்... கொஞ்சம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலேஜ் மைதானத்தில் முதல் ஓட்டம். நேராக நன்றாகத்தான் போனது. திருப்பத்தில் முன் டயர்கள் வழுக்கி, வரிசையாக வைத்திருந்த கோன்களைக் கார் தள்ளிக்கொண்டு போனது.

மெய்யம்மை ஹெல்மெட்டைக் கழற்றினாள். “நான் செக்காலை ரோட்டுக்குத் திருப்புறேன், இது நேரா பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குப் போகுது. வேண்டுதல் ஏதும் பாக்கி வச்சிருக்கியாடி?”

எல்லோரும் சிரித்தார்கள். டீம் கேப்டன் சேது மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு. சரியா வரலைன்னா ரெண்டு ஷாக்கு மாட்டிருவோம்.” இரண்டு ஷாக்கும் அட்டைப்பெட்டியோடு மேஜைக்கு வந்துவிட்டன. ஆறு மாத வேலைக்கு ஒரு நாள் ஆயுள்.

வீட்டில் அம்மா பார்த்ததுமே கேட்டாள்: “என்னத்தா மூஞ்சி இப்புடி இருக்கு? வாத்தியாருக வஞ்சாகளா?”

“வண்டி திரும்ப மாட்டேங்குதும்மா.”

“ஓட்டுற பிள்ளைய நல்லா ஒடிச்சுத் திருப்பச் சொல்லு.”

எல்லாம் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

திங்கட்கிழமை காலை தனியாக உட்கார்ந்து அந்த வாஷர் அடுக்கைப் பிரித்தேன். என் டிராயிங்கில் வாஷர்கள் வாயோடு வாய், முதுகோடு முதுகு என்று மாறி மாறி இருக்க வேண்டும். காரில்? எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அப்படி அடுக்கினால் அத்தனையும் சேர்ந்து கெட்டியாகிவிடும், துளியும் விட்டுக்கொடுக்காது. பிறகு டயர் வழுக்காமல் என்ன செய்யும்?

மாட்டியது யார்? நான்தான்.

அம்மா கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவப் போகிறவள். லீவு நாட்களில் நானும் போவேன். கழுவிய தட்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவது என் வேலை. கைக்குத் தட்டு என்றால் ஒரே அடுக்குதான் தெரியும்.

பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாமல் மாற்றி மூடிவிடலாம். மூடத்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். “எனக்குத் தெரியும்” என்று கொஞ்சம் அதிகமாகவே சொல்லித் திரிகிறவள். ஆனால் நான் மறைத்தால் பழி டிசைன் மேல் விழும். நேற்றுத் திரும்பாதது இன்று எப்படித் திரும்புகிறது என்று தெரியாத காரில் மெய்யம்மை எதை நம்பி உட்காருவாள்?

மெய்யம்மையையும் சேதுவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் கண் முன்னால் திருப்பி அடுக்கினேன்.

சேது கேட்டான்: “அப்ப டிசைன்ல தப்பில்ல, உம்மேலதான் தப்பு?”

“ஆமா!”

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை.

சாயங்காலம் கார் திரும்பியது. ஒரு கோன்கூட விழவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து இறங்கிய மெய்யம்மை சொன்னாள்: “திரும்புதுடி... ஆனாலும் ஒத்தச் செருப்பு ஒத்தச் செருப்புதான்.” சேது அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அலமாரியில் வைத்தான்.

யோசித்துப் பார்த்தால், டிராயிங் போட்டவள் காலேஜுக்குப் போனவள். மாட்டியவள் கல்யாண வீட்டுக்குப் போனவள். எனக்குள் இருக்கும் இந்த இருவரில் ஒருத்தியையும் அனுப்பிவிட மனமில்லை. இரண்டாமவள் வேலை செய்யும்போது முதலாமவள் டிராயிங்கோடு பக்கத்தில் நின்றால் போதும்.

மெய்யம்மை சொன்ன இன்னொன்று பாக்கி இருக்கிறதே - “நீயே ஏறி ஓட்டு!” எங்கள் வீட்டில் சைக்கிளைத் தாண்டி இதுவரை யாரும் எதையும் ஓட்டியதில்லை.

புதன்கிழமை, கார் ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன்.