கட்டத்தில் விழுந்த பூஜ்யம்

ஃபௌஸியின் கை நடுங்கி நான் பார்த்தது இரண்டே தடவைதான். முதல் தடவை, அவனுக்கு மகள் பிறந்த அன்று. இரண்டாவது தடவை, பிப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம். கடல் காற்றில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது நடுக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஸாஹல் கடற்கரையில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் நூலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தேநீர் போடுகிறேன், மேஜை துடைக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. யார் எந்த மேஜையில் உட்கார்ந்தார்கள், யார் தேர்வுக்கு முன்னால் அழுதார்கள் என்பது தெரியும். ஃபௌஸி அங்கே நூலகராக வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒல்லியான ஆள். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பான். தோலை ஒன்றுவிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், என் தரையில் போடமாட்டான். அந்த ஒன்றுக்காகவே அவன்மேல் எனக்குப் பிரியம்.

அவன் அப்பா தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்தவர். வீடு வீடாகப் போய் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று குறித்து வர வேண்டும். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். ஒரு கோடையில் முழங்கால் வலி தாங்காமல், பூட்டிய வீடுகளுக்கெல்லாம் பூஜ்யம் எழுதிவிட்டார். கண்டுபிடித்து வேலையைவிட்டு அனுப்பினார்கள். தெருவே அவரைப் பூஜ்யக்காரர் என்று கூப்பிட்டது. ஃபௌஸிக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைப் பார்த்து விரலை வட்டமாக வளைத்துக் காட்டுவார்களாம். இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னான். அதற்குப் பிறகு அவன் ஏன் எதையும் இரண்டு தடவை எண்ணுகிறான் என்று நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையும் எண்களோடுதான். இப்போது டாக்டர்கள் படிக்கிற இதழ்கள் காகிதத்தில் வருவதில்லை, கணினியில் வருகின்றன. முப்பத்துநான்கு கம்பெனிகள். எந்த இதழை எத்தனை பேர் படித்தார்கள் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கும். மாதம் பிறந்தால் ஃபௌஸி ஒவ்வொன்றிலும் நுழைந்து, கடவுச்சொல் போட்டு, அந்த எண்ணை எடுத்து ஒரு பெரிய அட்டவணையில் ஒட்டுவான். ஒரு வாரம் போய்விடும். கண் சிவந்துவிடும். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தலைநகரில் இருக்கும் குழு, அடுத்த வருடம் எந்த இதழ் வேண்டும், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்யும்.

போன கோடையில் அவனே உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராம் எழுதினான்.

"பெரியம்மா, இனிமே நான் போக வேணாம், இது போகும். ஒவ்வொரு கம்பெனியும் கணக்கு குடுக்கிறதுக்குன்னே பின்பக்கம் ஒரு கதவு வச்சிருக்கான். வெப் சர்வீஸ்னு பேரு. மாசம் அஞ்சாம் தேதி இது போய்த் தட்டும், சாவியக் காட்டும், போன மாசம் எங்க ஆளுங்க எத்தனை கட்டுரை படிச்சாங்கன்னு கேட்கும். வாங்கியாந்து கட்டத்துல போட்டுரும்."

"முப்பத்துநாலு கதவையும் தட்டுமா?"

"நீங்க ஒரு கிளாஸ் ஆத்துறதுக்குள்ள."

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போயி பொண்டாட்டிக்கு வெங்காயம் உரி."

சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் சோதனையில் ஒரு கட்டம் காலியாக வந்தது. டைரக்டர் அம்மார் அதை விரலால் தட்டினார். "என்ன இது, பல்லு விழுந்த வாய் மாதிரி? தலைநகருக்குப் போற தாள்ல காலிக் கட்டம் இருக்கக் கூடாது. நம்மளச் சோம்பேறிங்கன்னு சொல்லுவானுங்க." எங்கள் அலுவலகங்களில் எங்கேயும் இதுதான் வழக்கம். காலியாக மட்டும் விடக்கூடாது, எதையாவது எழுதி நிரப்பிவிட வேண்டும். ஃபௌஸி அன்றைக்கே ப்ரோக்ராமில் ஒரு வரி சேர்த்தான்: எண் எதுவும் வராவிட்டால் பூஜ்யம் போடு.

ஐந்து மாதம் அட்டவணை தானாகவே போனது. யாரும் குறை சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை, சிறுநீரக டாக்டர் இன்ஸாஃப் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார். கையில் குழு அனுப்பிய பட்டியல். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். நிறுத்தப்போகிற இதழ்களில் முதலில் இருந்தவை அவர் துறையின் இதழ்கள்.

"ஃபௌஸி, நாங்க எல்லாம் செத்துட்டோமா?"

"என்ன டாக்டர் இது?"

"அஞ்சு மாசமா ஒரு ஆளும் தொடலையாம். பூஜ்யமாம்! போன மாசம் ஒரு பொண்ணுக்கு மாத்துச் சிறுநீரகம் வச்சோமே, மருந்தளவு பார்த்தது அதுலதான். நானே நாலு கட்டுரை இறக்கினேன். அந்த நாலும் எங்க போச்சு?"

"மிஷின் பொய் சொல்லாது டாக்டர்."

"அப்ப நான் சொல்றேனா?"

என் வாய் சும்மா இருக்குமா? "மூணாவது மேஜையில இவங்ககிட்டப் படிக்கிற பசங்க வைக்கிற கிளாஸோட வளையக் கறையத் தினம் தேய்க்கிறேன் தம்பி. பூஜ்யம்னா என் துணி ஏன் கறுக்குது?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஏதாவது பண்ணு. உன்னக் கெஞ்சுறேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

கம்பெனிகளின் பதில்களை ப்ரோக்ராம் ஓர் ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தது. ஃபௌஸி அவற்றைத் திறந்தான். நான் வைத்த கிளாஸை எடுத்தான். தேநீர் விரலில் சிந்தியது, சுட்டது அவனுக்குத் தெரியவில்லை. கிளாஸ் தட்டில் மோதிக் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"பெரியம்மா, கதவு பூட்டியிருந்துருக்கு."

"எந்தக் கதவு?"

"இந்தக் கம்பெனிக்காரன் இருபதாம் தேதிக்கு மேலதான் கணக்க முடிக்கிறான். நம்ம ப்ரோக்ராம் அஞ்சாம் தேதி போய்த் தட்டியிருக்கு. 'இன்னும் தயாராகல, அப்புறம் வா'ன்னு சொல்லியிருக்கான். அஞ்சு மாசமும் அதே பதில். இது திரும்பப் போகவே இல்ல. பூட்டின வீட்டுக்குப் பூஜ்யம் போட்டுட்டு வந்துருச்சு."

அவன் காதில் எந்தப் பையன்களின் சிரிப்பு கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி தட்டிப் பார்த்தான். கதவு உடனே திறந்தது. ஐந்து மாதத்துக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனான். நான் கிளாஸ் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"போன தாள் என் முத்திரையோட போயாச்சு" என்றார் அம்மார். "இப்பத் தப்புன்னு சொன்னா மத்த முப்பத்துமூணையும் நம்புவானுங்களா? மொத்தத்தையும் வெட்டுவானுங்க. வாய மூடிக்கிட்டு இரு. அடுத்த வருஷம் கேட்டு வாங்கிக்கலாம்."

"ஒரு வருஷம் அந்த டாக்டருங்க என்ன செய்வாங்க சார்?"

"முன்னாடி செஞ்சதச் செய்வாங்க. உனக்கு ஒரு மக இருக்கா ஃபௌஸி. அத நெனச்சுக்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் பயம். மொத்தத்தையும் வெட்டிவிடக்கூடியவர்கள்தான் அவர்கள். ஃபௌஸி வெளியே வந்து, என் தேநீர் அறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். முகம் எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"சொன்னா வேலை போயிரும் பெரியம்மா. சொல்லலன்னா யாருக்குமே தெரியாது. அதான் இன்னும் பயமா இருக்கு."

"ஏன் தெரியாது? எனக்குத் தெரியுமே."

"நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா இனிமே உனக்குத் தேநீர் போட மாட்டேன்."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முரட்டுத்தனமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். இவனை அனுப்பிவிட்டால் பதினெட்டு வருடம் பழகிய ஒரு பிள்ளையை நான் எங்கே பார்ப்பேன்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அவன் சும்மா இருந்துவிட்டால்தான் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முந்தின நாள் சட்டையோடேயே வந்தான். முன்மேஜைத் தொலைபேசியை எடுத்துக் குழுவின் செயலாளரைக் கூப்பிட்டான். அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"திருத்தமா? முத்திரை இருக்கா?"

"இல்லம்மா."

"டைரக்டருக்குத் தெரியுமா?"

மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்தான். "தெரியும். ஆனா தப்பு என்னோடது. வராத பதிலுக்குப் பூஜ்யம் போட வச்சது நான்தான்."

"மத்த எண்ணெல்லாம் எப்படி?"

"எல்லாப் பதிலையும் நேத்தே திறந்து பாத்துட்டேன். இன்னும் ரெண்டு கம்பெனியில ஒவ்வொரு மாசம் இதே மாதிரிதான் விழுந்துருக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் ஏன் சொல்கிறான்?

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பதிலெல்லாம் வந்த மாதிரியே அனுப்புங்க. பத்து மணிக்கு முன்னாடி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அனுப்பினான். பத்தானது, பதினொன்றானது. ஃபௌஸி விதை கொறிக்கவில்லை. நான் ஒரு கிண்ணம் லப்லாபி சூப் வாங்கி வந்து கொடுத்தேன். ரொட்டி ஊறிக் கூழாகிப்போனது, கொண்டைக்கடலை மேலே மிதந்தது, ஒரு வாய் எடுக்கவில்லை. ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. மூன்று தடவை அடிக்கும் வரைக்கும் அவன் அதை எடுக்கவில்லை.

குழுவின் செயலாளர்தான். இதழ்கள் தப்பித்தன, வேறெதையும் வெட்டவில்லை. ஐந்து மாத அட்டவணையையும் மறுபடி அனுப்ப வேண்டும். மார்ச் மாதம் ஃபௌஸி தலைநகருக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். டாக்டர் இன்ஸாஃப் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவனுக்கு மார்ச் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும்.

போனான். மூன்று பேர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். அவர்கள் முகம் ஞாபகமில்லை, சுவர்க் கடிகாரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றான். முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அவன் நாற்காலியில் உட்காருவதில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி அட்டவணை அச்சாகி வந்தது. மேஜை துடைக்கும்போது குனிந்து பார்த்தேன். எழுத்துத் தெரியாத எனக்கும் அது தெரிந்தது: நடுவில் ஒரு கட்டம், வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல். அம்மார் அதை வெகுநேரம் பார்த்தார். ஃபௌஸி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். முத்திரை விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

தாளை உறையில் போட்டான். வெளியே எடுத்தான், அந்தக் கட்டத்தைப் பார்த்தான், திரும்பப் போட்டான். பிறகு பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ கிறுக்கினான்.

"என்னடா எழுதுற?"

"இருபத்துமூணாம் தேதி. அன்னைக்கு மறுபடி போய்த் தட்டணும் பெரியம்மா."